கமலாத்தாளுக்கு ஒரு வரி

கொழிஞ்சாம்பாறைச் சந்தை முக்கில் மாரப்பன் நடத்திய அச்சாபீஸில் முக்கால்வாசி வேலை கல்யாணப் பத்திரிகைதான். ஊரில் நூறு கல்யாணம் நடந்தாலும் பத்திரிகை என்னவோ ஒன்றேதான். ‘நிகழும் மங்களகரமான’ என்பதில் தொடங்கி ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்பது வரை எல்லா எழுத்தையும் ஒரு தடவை கோத்து, நூலால் இறுக்கிக் கட்டி அலமாரியில் வைத்திருந்தார். ஆள் வந்தால் அந்தக் கட்டை எடுத்துப் பேர், ஊர், தேதி மூன்றையும் பொருத்தி மிஷினில் ஏற்றுவார். மணமகள் அழுதுகொண்டு சம்மதித்தவளா, சிரித்துக்கொண்டு சம்மதித்தவளா என்று கட்டு கேட்பதில்லை.

எழுபத்தைந்தாம் வருஷம் மாரப்பனுடைய கூட்டத்தார் குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். ஒரே தெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்ததுதான் கூட்டம். பாலக்காட்டுக் கிழக்கோரத்திலும் பொள்ளாச்சிப் பக்கமும் சிதறிக் கிடந்த முந்நூற்று நாற்பது குடும்பங்களின் வரலாற்றையும் புத்தகமாகப் போட்டுவிடலாம் என்று தீர்மானம் ஆயிற்று. மாரப்பன் தன் கல்யாணப் பத்திரிகை வித்தையை அங்கேயும் காட்டினார். நான்கே நான்கு கட்டு. ‘இன்னார் இன்ன தேதி பிறந்தார்’ என்று ஒன்று. ‘இன்ன ஊர், இன்ன கூட்டத்து, இன்னாரை மணந்தார்’ என்று ஒன்று. ‘இவர்களுக்கு ஆண் மக்கள் இத்தனை, பெண் மக்கள் இத்தனை’ என்று ஒன்று. கடைசியாக, ‘இன்ன தேதி இறைவன் திருவடி சேர்ந்தார்.’ பேரும் தேதியும் சொன்னால் போதும், வாக்கியம் தானாக வந்து நிற்கும்.

புத்தகக் கமிட்டிக்காரர்களுக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். ஒரு குடும்பத்தைப் பெருக்கி எழுதி இன்னொரு குடும்பத்தைச் சுருக்கி எழுதினான் என்ற பொல்லாப்பு வராதே! மாடு முட்டிச் செத்தவரும், தொண்ணூறு வயதில் கட்டிலில் அடங்கியவரும், சம்சாரத்தோடு சண்டை போட்டுக்கொண்டு கிணற்றில் குதித்தவரும் ஒரே நூலில் கட்டின திருவடியைத்தான் போய்ச் சேர்ந்தார்கள். மாரப்பனுக்கும் இதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

கமிட்டிக்குத் தலைவர் மாரப்பனின் மூத்த அண்ணன் குப்பண்ணன். மீனாட்சிபுரத்தில் பன்னிரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர், அறுபத்திரண்டு வயது. கூட்டத்தில் யார் வீட்டு இழவானாலும் அவர் போய் நின்ற பிறகுதான் காரியம் நகரும். எந்தச் சம்பந்தி முதலில் வர வேண்டும், எந்த மாமன் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தங்கள் குடும்பத்து விவரத்தை அவர் கடைசியில்தான் எழுதிக் கொண்டுவந்தார்.

"இந்தா, நம்மூட்டுது. பாத்துக் கோத்துரு."

மாரப்பன் துண்டுக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கோத்தார். அப்பா, அம்மா சுப்பாத்தாள், அண்ணன், பிறகு கமலாத்தாள். கமலாத்தாளுக்கு நேரே மணம் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. மறைவு என்ற இடத்தில் ‘விரோதி வருஷம் ஆவணி 12’ என்று இருந்தது. கை பழகின கை. மணக் கட்டை விட்டுவிட்டு மறைவுக் கட்டை எடுத்து, தேதியைப் பொருத்தி, அடுத்த பேருக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் புரூப் எடுத்து, பிழை பார்க்க வாய்விட்டு வாசித்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

"கமலாத்தாள் விரோதி வருஷம் ஆவணி மாதம் பன்னிரண்டாம் தேதி இறைவன் திருவடி சேர்ந்தார்."

கமலாத்தாள் அவருக்கு நேர் மூத்த அக்காள். அவள் சாகவில்லை. கிணறு வெட்ட வந்த தெற்கத்தி ஆட்களில் சுடலை என்று ஒருவன் இருந்தான். அவனோடு அவள் போய்விட்டாள், அவ்வளவுதான். போன மூன்றாம் நாள், அந்த ஆவணி பன்னிரண்டில், வீட்டில் இருந்த அத்தனை பேரும் இழவு வீட்டில் செய்கிற மாதிரியே கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினார்கள். தலை முழுகிவிட்டால் உயிரோடு இருக்கிறவளும் செத்தவள்தான், அவள் பேரைக்கூட வீட்டில் எடுக்கக் கூடாது. இருபத்தாறு வருஷமாக யாரும் எடுக்கவில்லை. தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள் என்று மாட்டு வியாபாரி ஒருவர் எப்போதோ சொன்னதோடு சரி.

மாரப்பன் புரூப்பை எடுத்துக்கொண்டு மீனாட்சிபுரத்துக்குப் போனார்.

"ஏனுங்கண்ணா, அக்கா இருக்கறாளுங்களே."

குப்பண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு இருக்கறா?"

"யாருக்கோ. உசுரோட இருக்கறவளச் செத்துட்டான்னு எப்படிங்க அச்சடிக்கறது? மணந்தார்னு போட்டுரலாமுங்க."

"போடு பாக்கலாம். இன்ன கூட்டத்துன்னு நீதான எழுத்து வெச்சுக் கட்டியிருக்கற? அவன் என்ன கூட்டம்னு போடுவ?"

‘கூட்டத்து’ என்ற அந்த ஒரு சொல்லை உருவிவிட்டால் வாக்கியம் நேராகிவிடும். அது மாரப்பனுக்கும் தெரியும், குப்பண்ணனுக்கும் தெரியும். ஆனால் முந்நூற்று நாற்பது குடும்பத்துக்கும் ஒரே வரி என்று ஊரைக் கூட்டிச் சொன்னவர்களும் இவர்கள்தானே. தலைவர் தன் வீட்டுக்கு மட்டும் கட்டை அவிழ்ப்பாரா?

"அப்பிடின்னா அவ பேரையே எடுத்தர்லாமுங்க."

"எங்கப்பனுக்குப் பொறந்தவ பேர எதுக்கு எடுக்கோணும்? பொறந்தா, செத்தா. ரெண்டையும் போடு." குப்பண்ணன் எழுந்துகொண்டே சொன்னார். "நீயுந்தானடா முழுகுன?"

பதினேழு வயதில் அண்ணன் கையில் கொடுத்த சொம்பை வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டவர் மாரப்பன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இன்றைக்கு எழுத்து கோத்த கையும் அன்றைக்குத் தண்ணீர் ஊற்றின கையும் ஒன்றுதான் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. திங்கட்கிழமை மிஷினில் ஏற்ற வேண்டும். அதற்குள் அவளைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு என்று பஸ் மாறி மாறி அவர் தேவிகுளம் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. சாரல் விட்டுவிட்டு அடித்தது. தாலுக்காபீஸ் பக்கத்து டீக்கடையில் விசாரித்து, தேயிலைச் சரிவில் இறங்கி, வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்து வீடுகளில் ஏழாவது கதவுக்கு முன்னால் நின்றார். தலையில் மழைக்குப் போட்ட சாக்குக் கொங்காணியும் காலில் சேறுமாக, கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த பெண்பிள்ளை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முன் தலை முழுக்க நரைத்திருந்தது. மூக்கு அப்படியே அவர்கள் அம்மாவின் மூக்கு.

"யாரு வேணும்?"

"அக்கா, நான் மாரப்பன்."

அவள் கொங்காணியை அவிழ்க்கப் போன கை அப்படியே நின்றது. "எம்பட மாரப்பனா?" என்றாள். தெற்கத்திப் பேச்சு பேசியே இருபத்தாறு வருஷம் கழித்தவள், ‘எம்பட’ என்ற அந்த ஒரு கொங்குச் சொல்லை எங்கே வைத்திருந்தாளோ.

உள்ளேயிருந்து சுடலை வந்தார். ஃபாக்டரியில் இலை வாட்டுகிற வேலை, இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்த முகம். வந்தவர் யாரென்று தெரிந்ததும் தோள் துண்டை எடுத்தார். பெஞ்சைத் துடைத்தார். "வாங்க மாப்ளே. மலையேறி வந்திருக்கிய, குளுருமே. இருங்க, கட்டஞ்சாயா போடுதேன்" என்று அடுப்படிக்குள் போய்விட்டார். அக்காளையும் தம்பியையும் பேச விடுவதற்காகத்தான் போனார் என்பது மாரப்பனுக்குப் புரிந்தது. இந்த மனுஷனுக்கா கூட்டம் இல்லை என்று வரி இல்லாமல் போயிற்று என்று அவருக்குத் தோன்றியது.

சொல்வதற்கு வழி தெரியாமல் மாரப்பன் புரூப்பை அவள் கையில் கொடுத்தார். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து வாசித்தாள். தன் பேருக்கு வருவதற்கு முன்னாலேயே விரல் நின்றுவிட்டது.

"ஆத்தா மார்கழி ஒம்பதா போனா?"

"ஆமாக்கா. விளம்பி வருசம்."

"எனக்கு நாள் தெரியாது. யாரோ சொல்லி ரெண்டு வருசம் கழிச்சுத்தான் போயிட்டான்னே தெரியும். நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசைதானன்னு தை அமாவாசைக்குச் சோறு வெச்சிட்டு இருக்கேன்." விரலை அந்த வரியை விட்டு எடுக்கவில்லை. "இனி மார்கழில வெக்கலாம்."

மாரப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அடுத்த வரிக்குப் போனாள். இரண்டு தடவை வாசித்தாள். அழவில்லை.

"நீயும் முழுகினியா?"

"முழுகுனேன்."

"ஆவணில கெணத்துத் தண்ணி சில்லுன்னு இருந்திருக்குமே. உனக்குச் சளி பிடிக்குமே அப்பல்லாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதை அவரால் தாங்க முடியவில்லை. நாற்பத்து மூன்று வயது ஆள், அந்த பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். சாயாவைக் கொண்டுவந்த சுடலை அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டார்.

"என்ன வரி போடோணும்னு நீயே சொல்லுக்கா" என்றார் மாரப்பன். "நீ சொல்றத கோத்தர்றேன். அண்ணன் என்ன வேணா சொல்லட்டும்."

"நீ திருட்டுத்தனமா ஒண்ணும் போட வேண்டாம். அது அண்ணன் வாயில இருந்து வரணும்." அவள் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "போன மாசம் நாலாவது வீட்டு மூக்கம்மா செத்தா. அவ அண்ணந்தம்பிகளோட பேச்சுவார்த்தை இல்லாம பன்னெண்டு வருசம். ஆனாலும் சேதி போனதும் திருநெல்வேலில இருந்து ரெண்டு பேரும் பொறந்த வீட்டுக் கோடியத் தூக்கிட்டு வந்து சேந்தாங்க. அது வந்து மேல விழுந்தப்பறந்தான் அவளை எடுத்தாங்க. அன்னிக்கு லயத்துல ஒருத்தி என்னைக் கேட்டா, உனக்கு யாரு கொண்டாருவான்னு. நான் பதில் சொல்லாம உள்ள வந்துட்டேன்."

செத்த பெண்ணின் உடம்புக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அதுதான் கோடி. எத்தனை பகை இருந்தாலும் அதை நிறுத்துவது கிடையாது. நிறுத்தினவனுக்குப் பங்காளிகள் மத்தியில் முகம் கிடையாது.

"அண்ணங்கிட்டப் போய்ச் சொல்லு" என்றாள் கமலாத்தாள். "ஆவணி பன்னெண்டுல நான் செத்துட்டேன்னு அச்சடிச்சுக்கட்டும். ஆனா செத்தவளுக்குப் பொறந்த ஊட்டுக் கோடி எங்கேன்னு நான் கேட்டேன்னு சொல்லு. இருபத்தாறு வருசமாப் பொணம் காத்துட்டுக் கெடக்குது. கோடி வரட்டும், இல்ல அந்த வரி போகட்டும். ரெண்டுல ஒண்ணு எனக்கு வேணும்."

திரும்பி வரும் வழியெல்லாம் மாரப்பன் மனசுக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டே வந்தார். ‘வாழ்ந்து வருகிறார்’ என்று போட்டால் கமிட்டி கேள்வி கேட்கும். ‘தேவிகுளம் சென்றார்’ என்று போட்டால் ஏதோ சந்தைக்குப் போனவள் மாதிரி இருந்தது. பதினெட்டு வருஷம் எழுத்து கோத்தவருக்கு ஒரு வரி வரவில்லை. நாலு கட்டு வைத்துக்கொண்டு ஊரையே எழுதிவிட்டதாக நினைத்த கர்வமெல்லாம் உடுமலை வருவதற்குள் கரைந்துபோயிற்று.

மறுநாள் காலை குப்பண்ணன் தாழியில் பிண்ணாக்குக் கரைத்துக்கொண்டிருந்தார். மாரப்பன் போன இடத்தையும் கேட்ட பேச்சையும் ஒன்று விடாமல் சொன்னார். அண்ணன் ஏச்சுக்குத் தயாராகத்தான் நின்றார். ஆனால் கோடி என்ற சொல் வந்ததும் குப்பண்ணனின் கை தாழிக்குள்ளேயே நின்றுவிட்டது. ஊரார் இழவுக்கெல்லாம் கோடி வந்ததா, யார் போட்டார்கள் என்று அதட்டிக் கேட்கிற மனுஷர் அவர்.

"அவ சொல்றது மொறைதான்" என்றார் கடைசியில். "முழுகுனமே ஒழிய, கோடி போடுல. எம்பேர்லதான் தப்பு. பொறப்படு, பொள்ளாச்சிக்குப் போலாம். எடுத்து நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துரு. வரி அப்படியே இருக்கட்டும்."

மாரப்பனுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவள் கேட்டதன் அர்த்தம் புரியாத மனுஷனா இவர்? இல்லை, முறைக்குள் ஒளிந்துகொண்டு தப்பிக்கப் பார்க்கிறாரா? ஆனால் கையைக் கழுவிவிட்டு வேட்டி மாற்றிக்கொண்டு வந்த அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் பின்னாலேயே போனார். அந்த முகத்தில் தந்திரம் எதுவும் இல்லை. பயந்துபோன முகமாக இருந்தது.

தீபாவளிக்கு நாலு நாள் இருந்ததால் ஜவுளிக்கடையில் கால் வைக்க இடமில்லை. குழந்தைகளும் பெண்டுகளும் மூட்டை மூட்டையாக விரித்துப் போட்டுப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். குப்பண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போய், தாழ்ந்த குரலில், "ஒரு கோடிச் சீலை வேணுமுங்க" என்றார்.

கடைக்காரர் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார். பழகின மனுஷர். தீபாவளித் துணிகளை ஒதுக்கிவிட்டு, மேல் அலமாரியிலிருந்து தனிக் கட்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

"யாருங்க தவறுனது?"

"தங்கச்சி."

"அடடா. சுமங்கலிங்களா?"

வெள்ளையா, நிறச்சேலையா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி அது. ஆயிரம் தடவை பக்கத்தில் நின்று பதில் சொன்னவர் குப்பண்ணன். இப்போது தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரு இருக்கறாரா?"

"இருக்கறாருங்கண்ணா. எனக்குச் சாயா போட்டுக் குடுத்தாரு."

குப்பண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். கடைக்காரர் அரக்கு நிறத்தில் ஒரு சேலையை எடுத்து, விரிக்காமல், முறைப்படி மடிப்போடேயே வைத்தார். பிறகு இழவு என்றால் எல்லாரும் கேட்கிற கேள்வியை ஆறுதலாகக் கேட்டார்.

"எப்பங்க தவறுனாங்க? இன்னிக்கே அடக்கமுங்களா?"

துண்டுக் காகிதத்தில் அத்தனை சுலபமாக எழுதிய தேதி. நான்காம் கட்டில் அத்தனை கச்சிதமாக உட்கார்ந்த தேதி. பக்கத்தில் ஒரு அம்மாள் சிவப்புப் பாவாடையை மகள் இடுப்பில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பண்ணனின் கை அந்த அரக்குச் சேலையின் மேல் இருந்தது.

"தவறுலீங்க" என்றார் குப்பண்ணன்.

"என்னங்க?"

"எந்தங்கச்சி தவறுலீங்க. தேவிகுளத்துல இருக்கறா. அவ ஊட்டுக்காரரு சுடலைங்கறவரு. நல்லா இருக்கறாங்க." கையைச் சேலை மேலிருந்து சுட்டதைப் போல எடுத்துக்கொண்டார். "இத உள்ள வெய்யுங்க. என்ற கண்ணுல காட்டாதீங்க."

அவ்வளவு பெரிய மனுஷர், தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவே, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பினார். கடைக்காரர் அரக்குச் சேலையை அவசர அவசரமாக மேலே ஏற்றிவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். மாரப்பன் அண்ணனின் தோளில் கை வைத்தார். சின்ன வயதிலிருந்து அவர் அண்ணனைத் தொட்டதே இல்லை.

அழுது முடித்ததும் குப்பண்ணன் கேட்டது புரூப்பைத்தான். கடைக்காரரிடமே பேனா வாங்கி, கல்லா மேஜையில் காகிதத்தை வைத்து, மறைவு வரியைக் குறுக்கே அடித்தார். பக்கத்தில் தன் கோணல் எழுத்தில் எழுதினார்: ‘கமலாத்தாள், தேவிகுளம் சுடலை அவர்களை மணந்தார். இருவரும் அங்கே இருக்கிறார்கள்.’ எழுதினதைத் தம்பியிடம் நீட்டினார்.

"கட்டுல இது இல்லதான?"

"இல்லீங்கண்ணா. எழுத்தெழுத்தாக் கோக்கோணும்."

"கோத்துரு. கமிட்டில எவன் கேட்டாலும் எங்கிட்டப் பேசச் சொல்லு."

பிறகு தீபாவளிச் சேலைகளைக் காட்டச் சொன்னார். கடைக்காரர் பச்சை, மஞ்சள், ஊதா என்று விரித்துப் போட்டார். குப்பண்ணன் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தங்கச்சிக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. மாரப்பனுக்கும் தெரியவில்லை. கடைசியில் கடைக்காரரே ஒன்றை எடுத்து மடித்துக் கொடுத்தார். சுடலைக்கு ஒரு வேட்டியும் எடுத்துக்கொண்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் மீனாட்சிபுரம் வண்டி கிளம்ப நின்றது. குப்பண்ணன் அதைத் தாண்டி உடுமலை வண்டியில் போய் ஏறினார். மாலைக் கறவைக்கு ஆள் இல்லை, வீட்டில் சொல்லிவிட்டு வரவில்லை என்று மாரப்பன் நினைவூட்டவும் இல்லை. ஜவுளிப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மாரப்பா."

"சொல்லுங்கண்ணா."

"என்னையப் பாத்து, ஊட்டுக்குள்ள வராதன்னு அவ சொல்லீட்டா என்ன பண்றது?"

சொல்லமாட்டாள் என்று மாரப்பனுக்கும் உறுதியில்லை.

"சொன்னா வெளிய நிப்பமுங்கண்ணா" என்றார். "கூப்பிடற வரைக்கும் நிப்போம்."